லிங்கராஜ் போட்ட பிரேக்

விஜிலா என் பட்டறை மேசையில் அந்த பில்லின் ஜெராக்ஸை விரித்து வைத்தபோது, என் கண் முதலில் போனது என் கையெழுத்தின் மேல்தான். முப்பது வருஷமாக மாறாத கையெழுத்து. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு அடியில் ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டைப் பார்த்து எத்தனையோ நாள் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

“இது நீங்க எழுதிக் குடுத்ததுதானா அண்ணாச்சி?” என்று கேட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

பில்லில் இரண்டே வரி. ‘ஃபோர்க்லிஃப்ட் ஹேண்ட்பிரேக் சரிசெய்யப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.’ அதற்குக் கீழே நான், கோட்டோடு.

“ஹேண்ட்பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, டிரைவர்தான் அதப் போடாம எறங்கிப் போயிட்டாருன்னு கம்பெனிக்காரவிய ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாவ. ஆதாரம் கேட்டா இந்த பில்லக் காட்டுதாவ. நல்லா இருந்துச்சா அண்ணாச்சி? நீங்க சொல்லுங்க. வேற யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.”

விஜிலா, கிளைட்டனின் மனைவி. கிளைட்டன் துறைமுக ரோட்டில் இருக்கிற உப்பு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். முன்னால் இரண்டு இரும்புக் கொம்புகளை நீட்டிக்கொண்டு, உப்பு மூட்டைகளைப் பலகையோடு தூக்கிக் கன்டெய்னருக்குள் வைக்கிற வண்டி அது. ஒன்பது நாளுக்கு முன்னால் மத்தியானம் அந்த வண்டி ஆளில்லாமல் சரிவில் பின்னால் உருண்டு, அடியில் உப்பு கூட்டிக்கொண்டிருந்த முருகேஸ்வரியின் இடது காலில் ஏறிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கிளைட்டனை ஒரு ராத்திரி ஸ்டேஷனில் உட்காரவைத்து, ஜாமீனில் விட்டிருந்தார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி வாசலில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

“வியாழக்கெழம குடோன்லயே விசாரண. மதுரையிலேருந்து ஒரு மேடம் வாராவளாம்,” என்றாள் விஜிலா. “நீங்க வந்து உள்ளதச் சொன்னாப் போதும். பொய்யா ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

பொய்யா ஒண்ணும் சொல்ல வேண்டாமாம். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அப்பாவியாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது அப்படிக் குத்தியது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “பாப்போம்மா” என்றேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன். பூசி மெழுகுகிற வேலைக்கு டெரன்ஸ் இருக்கிறான்.

உப்பு குடோனில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. காற்றிலேயே உப்பு. அந்த ஃபோர்க்லிஃப்டின் ஹேண்ட்பிரேக் கேபிள் போன ஆடி மாதமே துருப்பிடித்து அறுந்துவிட்டது. கிளைட்டன் புகார் நோட்டில் எழுதினான். குடோன் மேனேஜர் டெரன்ஸ், ‘ஸ்பேர் பாட்ஸ் சொல்லியிருக்கு’ என்று பக்கத்திலேயே பதில் எழுதினான். அடுத்த வாரமும் கிளைட்டன் எழுதினான். அடுத்த வாரமும் பாட்ஸ் சொல்லியிருந்தது. தை மாதம் வரைக்கும் அந்தப் பாட்ஸ் வந்துகொண்டே இருந்தது. எந்தக் கப்பலில் வந்ததோ, இன்னும் கரை சேரவில்லை.

கிளைட்டன் கெட்டிக்காரன். ரோடு போட்டபோது மிஞ்சிக் கிடந்த கருங்கல்லில் நாலைப் பொறுக்கி வந்து வைத்துக்கொண்டான். சரிவில் வண்டியை நிறுத்தினால் பின் டயருக்குக் கீழே இரண்டு கல்லை அண்டை கொடுப்பான். ஏழு மாதமும் வண்டி அசையவில்லை. அழகான வைத்தியம் இல்லை, ஆனாலும் வேலை செய்தது. கல்லுக்குப் பாட்ஸ் தேவையில்லை.

மாசி மாதம் டெரன்ஸ் என் பட்டறைக்கு ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு பிரேக் லாக். கைக்கு அடக்கமான சாமான், ஒரு கைப்பிடியோடு. நல்ல சாமான்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். காலால் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் குழாய் வழியாகப் போய்ச் சக்கரத்தை இறுக்கும், காலை எடுத்தால் எண்ணெய் திரும்பிவிடும். இந்தச் சாமான் நடுவில் உட்கார்ந்துகொண்டு, திரும்புகிற எண்ணெய்க்குக் கதவைச் சாத்தும். மிதித்தபடியே கைப்பிடியைத் திருப்பிவிட்டால், காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடி இருக்கும். காட்டு வேலைக்குப் போகிற ஜீப், கம்பம் நடுகிற வண்டி, கிரேன் வைத்த லாரி இவற்றுக்கெல்லாம் போடுவார்கள். வேலை நடக்கும்போது வண்டி ஆடாமல் நிற்கும்.

ஆனால் எண்ணெயை எத்தனை நேரம் அடைத்து வைக்க முடியும்? ஓடி ஓடிச் சூடேறிய எண்ணெய் ஆறும்போது சுருங்கும். ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை கசிவு இருந்தால் மெல்ல மெல்ல இறங்கும். இறுக்கிப் பிடித்த பிரேக் அரை மணி நேரத்தில் தளர்ந்துபோகும். பெட்டிக்குள்ளேயே ஒரு தாளில் இங்கிலீஷில் போட்டிருந்தது: ஹேண்ட்பிரேக் இருக்கிற வண்டியில் கூடுதலாகத்தான் இதைப் போட வேண்டும், இதை நம்பி வண்டியை விட்டு இறங்கிப் போகக் கூடாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு டெரன்ஸிடம் காட்டினேன்.

“இது ஹேண்ட்பிரேக் ஆகாது சார். மொதல்ல கேபிள மாத்துங்க. அதுக்கு மேல இது இருந்துட்டுப் போவட்டும்.”

“மாத்தத்தான போறோம் அண்ணாச்சி. பாட்ஸ் வந்துட்டே இருக்கு. இப்ப இத மாட்டி விடுங்க. அடுத்த மாசம் பாதுகாப்பு வாரம், ஹெட் ஆபீஸ்ல இருந்து ஆள் வாராங்க.”

“டிரைவர்ட்ட சொல்லணும். நம்பி எறங்கிறக் கூடாது.”

“நான் சொல்லிக்கிடுதேன்,” என்றான். அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிளைட்டன் அன்றைக்கு லீவு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேம்பாருக்குப் போயிருந்தான். மறுநாள் நான் ஒரு போன் போட்டிருக்கலாம். அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது. போடவில்லை.

குடோனுக்குப் போய் நானே மாட்டினேன். அங்கே கூட்டிக்கொண்டிருந்த முருகேஸ்வரி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். “இனிமே இந்தச் சனியன் நிக்குமா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

இந்தத் துறைமுக ரோட்டில் பிரேக் என்றால் லிங்கராஜ் என்று சொல்வார்கள். எந்த லாரிக்காரனைக் கேட்டாலும் சொல்வான். அந்தப் பேச்சு என் காதுக்கு ரொம்ப நாளாகவே இனிப்பு. “லிங்கராஜ் கை வச்சா நிக்காம எங்க போவும்?” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள்.

கிளம்பும்போது டெரன்ஸ் பில் புக்கை என் பக்கம் தள்ளினான். “ஹேண்ட்பிரேக் சரிசெய்யப்பட்டதுன்னு போட்டுருங்க அண்ணாச்சி. புதுசா ஒரு சாமான் பேர எழுதுனா ஹெட் ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பான். நல்ல நிலையில் உள்ளதுன்னும் ஒரு வரி.”

எழுதினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். கம்பெனி என்ன வாசகம் சொல்கிறதோ அதுதான் பில்லில் வரும். செய்த வேலை ஒன்று, எழுதிய வேலை ஒன்று. பில் என்பது ஆபீசில் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிற தாள், அதை யார் படிக்கப்போகிறார்கள் என்று முப்பது வருஷமும் நினைத்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் படித்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் படித்தார்.

பாதுகாப்பு வாரம் வந்தது. டெரன்ஸுக்குக் குடோன் பளிச்சென்று இருக்க வேண்டும். வாசலில் ஒரு பாத்தி வெட்டி, குரோட்டன்ஸ் செடி வைத்து, ‘பாதுகாப்பே நம் முதல் கடமை’ என்று போர்டு நட்டான். பாத்தியைச் சுற்றிக் கல் பதிக்க வேண்டும். கல்லுக்கு எங்கே போவது? சரிவின் ஓரத்தில் கிளைட்டனின் நாலு கருங்கல் கிடந்தது. இன்னும் எங்கெங்கோ கிடந்ததையும் பொறுக்கினார்கள். ஒன்றுக்கு வெள்ளை, ஒன்றுக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்து வட்டமாகப் பதித்தாகிவிட்டது. ஹெட் ஆபீஸ் ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். டயருக்குக் கீழே இருக்க வேண்டிய கல்லை எடுத்து, பாதுகாப்பு என்று எழுதிய போர்டுக்குக் காவல் வைத்தவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் குடோனில் ஒரு வழக்கம். மூட்டை ஏற்றும்போது சிந்துகிற உப்பு சரிவு முழுக்கக் கிடக்கும். வண்டிகள் ஓடுகிற நேரத்தில் கூட்ட முடியாது. அதனால் டிரைவர்கள் சாப்பிடப் போகிற அரை மணி, முக்கால் மணியில்தான் கூட்டுவார்கள். வண்டி நிற்கிற நேரம்தான் பத்திரமான நேரம் என்று டெரன்ஸே போட்ட ஏற்பாடு அது. கீழே தரையில் லாரிகள் அடைத்து நின்றதால் ஃபோர்க்லிஃப்டைச் சரிவிலேயே நிறுத்திவிட்டுப் போகச் சொல்வதும் அவன்தான்.

அன்றைக்குக் கிளைட்டன் பன்னிரண்டேகாலுக்கு நிறுத்தினான். பிரேக்கை மிதித்து, லாக்கைத் திருப்பி, இறங்கிச் சாப்பிடப் போனான். முருகேஸ்வரி அடியில் கூட்ட ஆரம்பித்தாள். முக்கால் மணி ஆகவில்லை, வண்டி உருண்டது. அவள் அலறல் கேட்டு ஓடிவந்தவர்கள், வண்டியை அவள் மேலிருந்து தள்ளுவதற்காக லாக்கைத் திருப்பிவிட்டார்கள். போலீஸ் வந்து பார்க்கும்போது லாக் திறந்து கிடந்தது. டெரன்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

விஜிலா வந்துபோன மறுநாள் அவனே பட்டறைக்கு வந்தான். ஸ்டூலில் அவன் உட்கார்ந்துகொண்டான், நான் சொல்லாமலேயே.

“வியாழக்கெழம உங்களயும் கூப்பிடுவாங்க அண்ணாச்சி. பில்லுல இருக்கத சொல்லிட்டு வந்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“ஹேண்ட்பிரேக்க நான் தொடவே இல்லையே சார்.”

“அப்ப பொய் பில்லு குடுத்தது நீங்கன்னு ஆவும்லா? கேசு உங்க பக்கம் திரும்பும். யோசிச்சுக்கிடுங்க. டிரைவர் மறந்துட்டான்னா ஒருத்தனோட போச்சு. அவனுக்கு என்ன, சின்ன வயசு, வேற எங்கயாவது போயி ஓட்டிக்கிடுவான்.”

லைசென்ஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் காலை எடுத்தவன் என்ற பெயரையும் தலையில் கட்டி அனுப்பினால் அவன் எதை ஓட்டுவான்? வீட்டில் அம்மிக் குழவியை ஓட்டுவானா? இதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவன் போன பிறகு கையில் இருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். சுவர் என்ன செய்யும், பாவம்.

நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. புதன்கிழமை பூராவும் யோசித்தேன். ஊருக்குப் போய்விடலாமா, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன். என் பெயரை நினைத்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றக் கிளைட்டனைக் கைவிட வேண்டும் என்பது சாயங்காலம்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. டெரன்ஸ் மேல் பாதி, என் மேல் பாதி.

வியாழக்கிழமை பத்தரைக்கே போய்விட்டேன். விசாரணைக்கு வந்த தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியின் பெயர் ஜெமிமா. ஐம்பது வயது இருக்கும், வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்தார். டெரன்ஸ் ஏ.சி. அறையில் நாற்காலி போட்டு வைத்திருந்தான். அவர் உள்ளே போகவில்லை, நேரே சரிவுக்குப் போனார். கிளைட்டனும் விஜிலாவும் வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றார்கள். அவர் பார்த்துவிட்டு, உள்ளே கூப்பிடச் சொன்னார்.

“ஹேண்ட்பிரேக் சரிபண்ணது நீங்கதானே?” என்று என்னிடம் கேட்டார்.

“மேடம், அந்த வண்டியில ஹேண்ட்பிரேக்க நான் தொடவே இல்ல.”

டெரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வண்டியில் ஏறி ஹேண்ட்பிரேக் கைப்பிடியை ஒரு விரலால் தூக்கினேன். விரலோடு வந்தது, விட்டதும் தொப்பென்று விழுந்தது. குனிந்து அடியில் அறுந்து தொங்கிய கேபிளை இழுத்துக் காட்டினேன். அறுந்த முனை பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தது. நேற்று அறுந்த கேபிள் அப்படி இருக்காது என்று அவருக்கே தெரிந்தது.

டெரன்ஸ் அசரவில்லை. “சரி மேடம், கேபிள் இல்ல. அதுக்குப் பதிலாத்தான் பிரேக் லாக் போட்டிருக்கோம். அது மலை மாதிரி நிக்கும். இவன் அதப் போடாம எறங்கிட்டான்.”

“போட்டேன் மேடம்,” என்றான் கிளைட்டன். அதுவரைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றவன். “மிதிச்சுட்டுத்தான் திருப்புனேன்.”

“போட்டிருந்தா எப்பிடிலே உருளும்?”

“எப்பிடி உருளும்னு நான் காட்டுதேன் மேடம்,” என்றேன். “அன்னைக்கு மாதிரியே இப்ப வண்டிய ஓட்டச் சொல்லுங்க. சூடேறட்டும். அப்புறம் லாக்கப் போட்டு இங்கனயே நிப்பாட்டுவோம். எல்லாரும் நின்னு பாப்போம்.”

ஜெமிமா சரிவைக் கண்ணால் அளந்தார். “உருண்டா தடுக்க ஏதாவது வேணுமே. டயருக்குப் பின்னால ஒரு அடி தள்ளி கல்லு வைங்க. கல்லு எங்க?”

அத்தனை பெரிய குடோனில் சக்கரத்துக்கு வைக்க ஒரு கல் இல்லை. கிளைட்டன்தான் கையை நீட்டி வாசல் பாத்தியைக் காட்டினான். “என் கல்லு அங்கன இருக்கு மேடம்.”

அவனே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ஒரு வெள்ளைக் கல், ஒரு சிவப்புக் கல். கீழே போட்டபோது சிவப்புக் கல் புரண்டது. அடிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. டயர் ஏறி ஏறித் தேய்த்த கறுப்பும் எண்ணெய்க் கறையும் அப்படியே இருந்தது. ஜெமிமா குனிந்து அதைத் தொட்டு விரலைப் பார்த்தார்.

“இது எப்ப இங்கேருந்து போச்சு?”

“பாதுகாப்பு வாரத்துக்கு மேடம்,” என்றான் கிளைட்டன்.

அவர் டெரன்ஸைப் பார்த்தார், பாத்தியில் நட்டிருந்த போர்டைப் பார்த்தார், பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். ரொம்ப நேரம் எழுதினார்.

கிளைட்டன் ஒரு மணி நேரம் மூட்டையோடு ஏறி இறங்கினான். பன்னிரண்டே கால் ஆனதும் சரிவில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி லாக்கைத் திருப்பினான். எஞ்சினை அணைத்து இறங்கினான். வண்டி மலை மாதிரிதான் நின்றது. டெரன்ஸ் முகத்தில் சிரிப்பு வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “சார், மலை மாதிரி நிக்கும்னியளே. முருகேஸ்வரி நின்ன எடத்துல போயி நில்லுங்களேன். கல்லு இருக்கு, உருண்டாலும் பயமில்ல. அவளுக்குக் கல்லும் இல்ல.”

“என்ன வெளையாட்டு இது?” என்றான் டெரன்ஸ்.

“அவள அங்கன நிக்கச் சொன்னது நீங்கதான. ஒரு முக்கா மணி நேரம். நில்லுங்க.”

“யாரும் நிக்க வேண்டாம்,” என்றார் ஜெமிமா. “ஆனா நீங்க எதுக்கு சார் இப்பவே அங்க போயிட்டீங்க?”

அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே டெரன்ஸ் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து நகர்ந்து நகர்ந்து, லாரியின் நிழலுக்குப் பக்கவாட்டில் போய் நின்றிருந்தான். அவன் வாய் என்ன சொன்னாலும் கால் உண்மையைச் சொல்லிவிட்டது.

காத்திருந்தோம். பங்குனி வெயில், உப்பின் மேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. விஜிலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே ஜெபம் சொன்னாள். பத்து நிமிஷம் போனது. இருபது போனது. டெரன்ஸ் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தான். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஒருவேளை இன்றைக்கென்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால்? முப்பது நிமிஷம் ஆனது.

சத்தமே இல்லை. பின் டயரில் ஒட்டியிருந்த உப்புப் பரல் ஒன்று கீழே விழுந்தது. பிறகு டயர் ஒரு விரற்கடை பின்னால் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது. அப்புறம் நிற்கவில்லை. கல்லில் மோதிய சத்தத்தில் விஜிலா கத்திவிட்டாள். அத்தனை கனமான வண்டி சிவப்புக் கல்லை ஒரு சாண் தள்ளிக்கொண்டு போய் நின்றது. லாக் போட்டபடியே இருந்தது. ஜெமிமா ஏறிப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கிளைட்டன் அழுதான். முப்பது வயது தாண்டிய ஆண்பிள்ளை, நடுச் சரிவில் உட்கார்ந்து, தோளெல்லாம் குலுங்க அழுதான். தான் லாக் போட்டோமா இல்லையா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஊரே திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்குத்தான் வராது?

ஜெமிமா கையில் பில்லோடு என்னிடம் வந்தார். “நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“யார் சொல்லி?”

“சொன்னது அவரு. எழுதுனது நான்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சே.”

அதையும் எழுதிக்கொண்டார். போலீஸ் கூப்பிடும், என் பெயரும் அறிக்கையில் இருக்கும் என்று சொன்னார். வருத்தமாகவும் சொல்லவில்லை, மிரட்டலாகவும் சொல்லவில்லை. டிரைவர் மேல் தவறில்லை என்று எழுதப்போவதாகக் கிளைட்டனிடம் சொன்னார். விஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதறிவிட்டு ஓடலாம்போல இருந்தது.

வாசலில் டெரன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “என்ன சாதிச்சீரு? நீரும் சேந்துல்லா மாட்டிக்கிட்டீரு.”

“ஏலே, மாட்டிக்கிடணும்னுதாம்லே வந்தேன்,” என்றேன். பத்து வருஷமாகச் சார் என்று கூப்பிட்டவனை அன்றைக்குத்தான் ஏலே என்றேன். கொஞ்சம் சுகமாக இருந்தது. அந்தச் சுகம் பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட வந்தது.

பார்வையாளர் நேரம் நாலு மணிக்கு. முருகேஸ்வரி ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். போர்வை இடதுபக்கம் பாதியிலேயே தட்டையாகிக் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

குடோனில் நடந்ததையெல்லாம் சொன்னேன். கல்லைச் சொன்னேன், வண்டி உருண்டதைச் சொன்னேன், பில்லில் நான் பொய் எழுதியதையும் ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குப் பாரம் இறங்குகிற மாதிரி இருந்தது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசிவரை கேட்டாள்.

“கிளைட்டன் தம்பிக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்ல தாயி. அவன் மேல தப்பில்லன்னு எழுதிட்டாவ.”

“அது போதும்,” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்ணில் இருந்த கோபத்தை நான் டெரன்ஸ் மேல்கூடக் காட்டியதில்லை.

“அன்னைக்கு அந்தப் புள்ள எறங்கிக் கல்லுத் தேடுச்சு அண்ணாச்சி. பழக்க தோசத்துல சுத்திச் சுத்தித் தேடுச்சு. பாத்தியில போயி பிடுங்கிட்டு வாரேன்னு கெளம்புச்சு. நாந்தான் வேண்டாம்னேன். மேனேஜர் வைவான்லே, லிங்கராஜ் அண்ணாச்சி போட்ட பிரேக்குல்லா, நிக்காம எங்க போவும், நீ போயி சாப்புடுன்னு நாந்தான் அனுப்பிவிட்டேன்.”

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் கேட்டேன்லா உங்கள்ட்ட? நிக்குமான்னு கேட்டேன்லா? என்னத்துக்கு அப்பிடிச் சொன்னிய?”

பதில் வரும் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நேரமாச்சு, வெளிய போங்க என்று நர்ஸ் வந்து சொல்கிற வரைக்கும் நான் அந்தக் கட்டில் பக்கத்திலேயே நின்றேன்.